'இல்லை' என்ற வாக்கு யாருடையது? லிபர்டாஸும் 2008 அயர்லாந்துப் பொது வாக்கெடுப்பும்

2008 ஜூன் 12 அன்று அயர்லாந்து மக்கள் லிஸ்பன் ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். எதிராக 8,62,415 வாக்குகள், ஆதரவாக 7,52,451. ஐரோப்பிய ஒன்றியத்தில் அன்று 27 நாடுகள், ஐம்பது கோடியை நெருங்கும் மக்கள்தொகை. மற்ற 26 நாடுகளில் நாடாளுமன்றங்களே ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொண்டன. மக்களை வாக்குச்சாவடிக்கு அழைத்தது அயர்லாந்து மட்டும்தான். அங்கே ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஒப்பந்தம் நின்றுபோனது.

இந்த முடிவைப் பற்றி எழுதுகிறவர்கள் லிபர்டாஸ் என்ற பெயரைத் தாண்டிப் போக முடிவதில்லை. அது கட்சி அல்ல. நாடாளுமன்றத்தில் அதற்கு ஓர் இடம்கூட இல்லை. 2006இல் நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்ட ஓர் அழுத்தக் குழு, அவ்வளவுதான். அதன் தலைவர் டெக்லன் கான்லி என்ற தொழிலதிபரை வாக்கெடுப்புக்கு முந்தைய ஆண்டு வரை அயர்லாந்துக்காரர்களிலேயே பலர் கேள்விப்பட்டதில்லை. அப்படிப்பட்ட அமைப்பு ஆளுங்கட்சியும் முக்கிய எதிர்க்கட்சிகளும் சேர்ந்து ஆதரித்த ஒப்பந்தத்தை வீழ்த்தியது எப்படி? வீழ்த்தியது அதுதானா? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுவே.

மூன்று விளக்கங்கள்

வாக்கெடுப்பு முடிந்த நாள் முதல் மூன்று விளக்கங்கள் புழங்கி வருகின்றன. ஒரு பணக்காரர் பணத்தையும் பாதி உண்மைகளையும் இறைத்து மக்களைக் குழப்பினார் என்பது முதலாவது. பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில் அதிகம் கேட்டது இதைத்தான். லிபர்டாஸ் ஆதரவாளர்கள் இதற்கு நேர் எதிராகச் சொன்னார்கள்: மக்கள் மீது திணிக்கப்பட்ட ஆவணத்தைத் துணிந்து படித்து அம்பலப்படுத்தியவர் கான்லி. மூன்றாவது, கணக்கெடுப்பாளர்கள் முன்வைத்தது. ஒப்பந்தம் மக்களுக்குப் புரியவில்லை, புரியாததை மறுத்தார்கள், இதில் எந்தக் குழுவுக்கும் பெரிய பங்கில்லை என்றார்கள் அவர்கள்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றுமே கான்லி வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நீதிமன்றங்களில் தொடங்கிவிட்ட கதையைக் கணக்கில் எடுப்பதில்லை.

பாதை போட்ட வழக்குகள்

ரேமண்ட் க்ராட்டி கில்கென்னியில் விவசாயம் பார்த்தவர், பின்னாளில் பொருளாதார அறிஞரானவர். 1972இல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபோது 83 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அதை எதிர்த்த சிறுபான்மையில் அவரும் ஒருவர். 1986இல் ஒற்றை ஐரோப்பியச் சட்டம் என்ற அடுத்த ஒப்பந்தத்தை நாடாளுமன்ற வாக்கெடுப்போடு முடித்துவிட அரசு நினைத்தது. க்ராட்டி வழக்குப் போட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 1987 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வெளியுறவுக் கொள்கை தொடர்பான இறையாண்மையைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தை ஏற்க அரசமைப்பைத் திருத்த வேண்டும், அயர்லாந்தில் அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் மக்களுக்கே உண்டு. தீர்ப்பின் சாரம் இது. அதன்பின் மாஸ்ட்ரிக்ட், ஆம்ஸ்டர்டாம், நீஸ், லிஸ்பன் என்று எந்த ஒப்பந்தமானாலும் அரசு மக்களிடம் போய் நின்றது.

இரண்டாவது வழக்கு 1995இல் வந்தது. விவாகரத்து உரிமை பற்றிய வாக்கெடுப்பில் 'ஆம்' என்று வாக்களிக்கச் சொல்லி அரசு பொதுப்பணத்தில் விளம்பரம் செய்தது. பசுமைக் கட்சியின் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் பட்ரீசியா மெக்கென்னா நீதிமன்றம் போனார். அவர் விவாகரத்து உரிமைக்கு எதிரானவர் அல்ல. எல்லோர் வரிப்பணத்தையும் ஒரு தரப்புக்குச் செலவிடக் கூடாது என்பதே அவர் வாதம். வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கையில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மூன்றாவது வழக்கைத் தொடுத்தவர் டிரினிட்டி கல்லூரி விரிவுரையாளர் ஆண்டனி காக்லன். அதே விவாகரத்து வாக்கெடுப்பில் அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.ஈ. 'ஆம்' தரப்புக்கு 'இல்லை' தரப்பைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பிரசார நேரம் கொடுத்திருந்தது. கட்சிகளின் பலத்தைப் பார்த்து நேரம் ஒதுக்குவது தேர்தலுக்குப் பொருந்தலாம், பொது வாக்கெடுப்புக்குப் பொருந்தாது என்று 2000இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது இது. ஒப்பந்தம் மக்களிடம் போயாக வேண்டும். அரசு அங்கே கஜானாவைத் திறக்க முடியாது. ஒலிபரப்பில் இரு தரப்பையும் சமமாக நடத்த வேண்டும்.

2008இல் 166 இடங்கள் கொண்ட கீழவையில் ஒப்பந்தத்தை எதிர்த்த கட்சி ஷின் ஃபெய்ன் மட்டுமே. அதற்கு இருந்த இடங்கள் நான்கு. ஃபியானா ஃபாயில், ஃபின கேல், தொழிற்கட்சி, முற்போக்கு ஜனநாயகவாதிகள் எல்லோரும் ஆதரவு. பசுமைக் கட்சியில் ஆதரவுக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு மயிரிழையில் கிடைக்காததால் கட்சி என்ற முறையில் அது ஒதுங்கி நின்றது. வானொலி, தொலைக்காட்சி விவாதங்களில் பாதி நாற்காலிகள் 'இல்லை' தரப்புக்கு. அவற்றில் யாரை உட்கார வைப்பது? ஷின் ஃபெய்னை நடுத்தர வர்க்கத்தில் பலர் இன்னும் ஐ.ஆர்.ஏ. ஆயுதக் குழுவின் நிழலில்தான் பார்த்தார்கள். 'கோய்ர்' அமைப்பு கருக்கலைப்பு எதிர்ப்பு வட்டாரத்திலிருந்து வந்தது. இடதுசாரிச் சிறு குழுக்களுக்குத் தெருவில் செல்வாக்கு இருந்தது, கீழவையில் இல்லை. வணிக ஆதரவாளர், கோட்டு சூட்டுப் போட்டவர், ஐரோப்பா வேண்டும் ஆனால் இந்த ஒப்பந்தம் வேண்டாம் என்று பேசுகிறவர் ஒருவர் கிடைத்தால் எந்தத் தயாரிப்பாளர் விடுவார்?

கால்வேயிலிருந்து ஒரு குரல்

கான்லி 1968இல் இங்கிலாந்தின் வாட்ஃபோர்டில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது குடும்பம் கால்வே மாவட்டத்துக்குத் திரும்பியது. சோவியத் ஒன்றியம் உடைந்த காலத்தில் ரஷ்ய மர வணிகத்தில் பணம் பார்த்தார். பிறகு தொலைத்தொடர்புத் துறைக்கு வந்தார். அவருடைய ரிவாடா நெட்வொர்க்ஸ் அமெரிக்க இராணுவத்துக்கும் அவசரகாலச் சேவைகளுக்கும் தொடர்பு வசதிகள் அமைத்துத் தரும் நிறுவனம். இந்த அமெரிக்கத் தொடர்பு பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் சந்தேகங்களுக்கு இடம் கொடுத்தது. ஐரோப்பா வலுப்பெறுவதை விரும்பாத வாஷிங்டன் வட்டாரங்கள் பின்னால் இருக்கின்றன என்று சிலர் பேசினார்கள். கான்லி மறுத்தார். ஆதாரம் என்று சொல்லத்தக்க எதுவும் வெளிவரவில்லை. தோற்ற தரப்பு சதியைத் தேடும் பழக்கம் டப்ளினுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் மட்டும் உரியதல்ல.

லிபர்டாஸின் பிரசாரம் 2008 தொடக்கத்திலேயே களத்துக்கு வந்துவிட்டது. அரசுத் தரப்போ அப்போது வேறு கவலையில் இருந்தது. பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் தன் சொந்தப் பணவரவு குறித்து மேஹன் விசாரணை ஆணையத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் பதவி விலகலை அறிவித்தார். மே 7 அன்று பிரையன் கோவன் பிரதமரானார். அதாவது, வாக்கெடுப்புக்கு ஐந்து வாரம் இருக்கையில். ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசிவரை தான் படிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஐரோப்பிய ஆணையத்தில் அயர்லாந்தின் உறுப்பினராக இருந்த சார்லி மெக்ரீவி இன்னும் ஒரு படி மேலே போனார். தானும் படிக்கவில்லை, புத்தியுள்ள எவரும் படிக்கப் போவதில்லை என்ற பொருளில் பேசிவைத்தார். எதிர்த்தரப்புக்கு இதைவிட நல்ல பிரசாரகர் கிடைத்திருக்க மாட்டார்.

மெக்ரீவி சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. லிஸ்பன் ஒப்பந்தம் முழு நூலாக எழுதப்பட்டதல்ல. 2005இல் பிரான்சும் நெதர்லாந்தும் வாக்கெடுப்பில் தோற்கடித்த ஐரோப்பிய அரசமைப்பு ஒப்பந்தத்தின் பெரும்பகுதியைப் பழைய ஒப்பந்தங்களுக்கான திருத்தங்களாக மாற்றி வைத்திருந்தார்கள். இன்ன பிரிவில் இன்ன சொற்களை நீக்குக, இன்ன தொடரைச் சேர்க்க என்று பக்கம் பக்கமாகப் போகும். பழைய ஒப்பந்தங்களைப் பக்கத்தில் விரித்து வைக்காமல் ஒரு வரியும் புரியாது. அப்படிப்பட்ட ஆவணத்தைக் குறித்து ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கேட்டார்கள்.

'ஆம்' தரப்புக் கட்சிகள் கம்பங்களில் கட்டிய சுவரொட்டிகளைப் பற்றி அன்றே கேலி எழுந்தது. அடுத்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தல். ஆகவே ஒப்பந்தத்துக்கான காரணத்தைவிட உள்ளூர்த் தலைவரின் சிரித்த முகம்தான் பெரிதாகத் தெரிந்தது. லிபர்டாஸின் பலகைகளிலும் துண்டறிக்கைகளிலும் குறிப்பான கூற்றுகள் இருந்தன. அவற்றில் மூன்றை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். 'பொய் சொன்னார்கள்' என்ற குற்றச்சாட்டு எவ்வளவு தாங்கும் என்பது அங்கேதான் தெரியும்.

சுவரொட்டியின் கணக்கும் ஒப்பந்தத்தின் கணக்கும்

முதல் கூற்று: அயர்லாந்தின் வாக்கு வலிமை பாதிக்கும் கீழே போகும், ஜெர்மனியுடையது இரு மடங்காகும். நீஸ் ஒப்பந்தப்படி அமைச்சரவைக் குழுவின் 345 வாக்குகளில் அயர்லாந்துக்கு 7, அதாவது 2 சதவீதம். ஜெர்மனிக்கு 29. லிஸ்பன் முறையில் மக்கள்தொகையே அளவுகோல் என்று கொண்டால் அயர்லாந்தின் பங்கு 0.9 சதவீதத்துக்கும் கீழே, ஜெர்மனியின் பங்கு 16 சதவீதத்துக்கும் மேலே. இதுவரை எண்கள் சரி. சொல்லாமல் விட்டது மறுபாதி. லிஸ்பன் முறையில் ஒரு முடிவு நிறைவேற மக்கள்தொகையில் 65 சதவீதத்தோடு உறுப்பு நாடுகளில் 55 சதவீதமும் சேர வேண்டும். இந்த இரண்டாவது எண்ணிக்கையில் மால்டாவும் ஜெர்மனியும் ஒன்றுதான். அயர்லாந்து 27இல் ஒன்று. ஆகவே இந்தக் கூற்றைப் பொய் என்று தள்ள முடியாது, பாதியை மறைத்த கணக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது: பதினைந்து ஆண்டுகளில் ஐந்து ஆண்டு ஐரோப்பிய ஆணையத்தில் அயர்லாந்துக்கு உறுப்பினர் இருக்க மாட்டார். இதுவும் ஒப்பந்தத்தில் உள்ளதுதான். 2014 முதல் ஆணையர்களின் எண்ணிக்கையை நாடுகளின் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்க லிஸ்பன் வழிசெய்தது. ஆனால் ஆணையத்தைச் சுருக்க வேண்டும் என்பதை 2002இல் அயர்லாந்து மக்கள் ஏற்றுக்கொண்ட நீஸ் ஒப்பந்தமே சொல்லியிருந்தது. உறுப்பு நாடுகள் 27 ஆனதும் 2009இல் அமையும் ஆணையத்திலேயே அது தொடங்கியிருக்க வேண்டும். லிஸ்பனை மறுத்தால் ஆணையர் பதவி தப்பிக்காது, ஐந்து ஆண்டு முன்கூட்டியே ஆபத்துக்குள்ளாகும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஐரோப்பியத் தலைவர்கள் ஒருமித்து முடிவெடுத்தால் எண்ணிக்கையைக் குறைக்காமல் விடலாம் என்ற விதி லிஸ்பனில்தான் இருந்தது. பின்னர் 'நாட்டுக்கு ஓர் ஆணையர்' என்று அயர்லாந்துக்கு வாக்குறுதி கொடுத்ததே அந்த விதியை வைத்துத்தான். எதிர்த்துப் பெற்ற சலுகையை எதிர்க்கப்பட்ட ஒப்பந்தமே கொடுத்தது.

மூன்றாவது கூற்று வரி. லிபர்டாஸின் அடையாளமே இதுதான். அயர்லாந்தின் நிறுவன வரி 12.5 சதவீதம். அமெரிக்க நிறுவனங்களை அங்கே இழுத்து வந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. வரிகளை ஒத்திசைப்பது பற்றிய 113ஆம் பிரிவில், போட்டிச் சிதைவைத் தவிர்ப்பதும் ஒரு நோக்கம் என்ற சிறு தொடரை லிஸ்பன் சேர்த்தது. இந்தச் சில சொற்களைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பிய நீதிமன்றம் அயர்லாந்தின் குறைந்த வரியைத் தாக்கும் என்றது லிபர்டாஸ். 113ஆம் பிரிவு விற்பனை வரி, கலால் போன்ற மறைமுக வரிகளுக்கு உரியது. அதிலும் எல்லா நாடுகளும் ஒருமனதாக இசைந்தால்தான் எதுவும் நடக்கும். நிறுவன வரி அங்கே வரவே வராது என்று சட்ட அறிஞர்கள் பதில் சொன்னார்கள். அவர்கள் பதில் வலுவானது.

பின்னர் நடந்ததையும் பார்த்துவிட வேண்டும். 2016இல் ஐரோப்பிய ஆணையம் ஆப்பிள் நிறுவனத்திடமிருந்து 1,300 கோடி யூரோ வரியை வசூலிக்கும்படி அயர்லாந்துக்கு உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் அது நடந்தது அரசு உதவி பற்றிய விதிகளின்படி. அந்த விதிகள் ரோம் ஒப்பந்தக் காலத்தவை, 1972இல் அயர்லாந்து கண்ணைத் திறந்துகொண்டே ஏற்றுக்கொண்டவை. பெரிய நிறுவனங்களுக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரி 2024இல் வந்தது. அதற்குத் தொடக்கம் பிரஸ்ஸல்ஸில் இல்லை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் பேச்சுவார்த்தையில். அயர்லாந்தின் வரிக் கொள்கைக்கு வெளியிலிருந்து நெருக்கடி வரும் என்று லிபர்டாஸ் கணித்தது நடந்தது. வந்த வழி மட்டும் அவர்கள் காட்டியதல்ல.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். லிஸ்பன் வந்தால் பிள்ளைகளை ஐரோப்பியப் படைக்குக் கட்டாயமாக ஆள் பிடிப்பார்கள் என்ற பேச்சு அன்று பரவலாக இருந்தது. அது ஆதாரமே இல்லாத பேச்சு. அரசு பின்னர் நடத்திய ஆய்வில் வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இதை நம்பியதாகத் தெரிந்தது. ஆனால் இது லிபர்டாஸின் மையக் கூற்று அல்ல. 'இல்லை' தரப்பில் பல கடைகள் இருந்தன. ஒரு கடையில் விற்றதற்கு மற்றொன்றின் முகவரியில் ரசீது எழுதுவது ஆய்வாகாது.

இந்தக் கூற்றுகளுக்குப் பொதுவான நடுவர் யாரும் இல்லாமல் போனதும் தற்செயல் அல்ல. 1998இல் அமைக்கப்பட்ட வாக்கெடுப்பு ஆணையம் முதலில் இரு தரப்பு வாதங்களையும் மக்கள் முன் வைக்கும் பொறுப்பைக் கொண்டிருந்தது. 2001இல் நீஸ் ஒப்பந்தம் முதல் முறை தோற்றபின் சட்டத்தைத் திருத்தி அந்தப் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். 2008இல் ஆணையம் ஒப்பந்தத்தை விளக்கலாம், அவ்வளவே.

கணக்கெடுப்புகள் சொல்வதும் சொல்லாததும்

ஐரிஷ் டைம்ஸ் நாளேட்டின் கருத்துக் கணிப்பில் மே மாத நடுவில் 'ஆம்' 35 சதவீதம், 'இல்லை' 18. ஜூன் முதல் வாரத்தில் 'ஆம்' 30, 'இல்லை' 35. மூன்று வாரத்தில் 'இல்லை' ஏறத்தாழ இரட்டித்திருந்தது. பிரசாரம் வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. யாருடைய பிரசாரம் என்பதுதான் கேள்வி.

வாக்கெடுப்பு முடிந்த கையோடு ஐரோப்பிய ஆணையத்தின் கருத்துக் கணிப்பான யூரோபாரோமீட்டர் எடுத்த கணக்கில் 'இல்லை' என்றவர்களிடம் காரணம் கேட்டார்கள். 22 சதவீதம் பேர் ஒப்பந்தம் பற்றிப் போதுமான அளவு தெரியவில்லை என்றார்கள். ஐரிஷ் அடையாளத்தைக் காக்க என்றவர்கள் 12 சதவீதம். நடுநிலைமை, ஆணையர் இழப்பு, வரி, அரசியல்வாதிகள்மீது நம்பிக்கையின்மை ஆகியவை தலா 6 சதவீதம். லிபர்டாஸ் மாதக்கணக்கில் அடித்துப் பேசிய வரி வாதம் நூற்றுக்கு ஆறு பேரைத்தான் நேரடியாக அசைத்திருக்கிறது. இதை மட்டும் வைத்து மூன்றாவது விளக்கக்காரர்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

வர்க்கக் கணக்கும் அவர்கள் பக்கம்தான் நிற்பதுபோல் தோன்றும். உடலுழைப்புத் தொழிலாளர்களில் நான்கில் மூவர் எதிராக வாக்களித்தார்கள். டப்ளினின் வசதியான கடற்கரைத் தொகுதியான டன் லீரியில் 63 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. 43 தொகுதிகளில் 'ஆம்' வென்றவை பத்தே பத்து. ரிச்சர்ட் சினட், ஜோஹன் எல்கிங்க் முதலியோர் நடத்திய ஆய்வும் வர்க்கம், ஒப்பந்தம் பற்றிய அறிவின் அளவு இரண்டுமே முடிவைப் பாதித்ததாகக் கண்டது. நிறுவன வரியைக் காப்பாற்றச் சொல்லும் கோடீஸ்வரரின் பேச்சுக்கும் தொழிலாளர் குடியிருப்பின் 'இல்லை'க்கும் என்ன உறவு?

அதே யூரோபாரோமீட்டரில் அதிகம் மேற்கோள் காட்டப்படாத எண்கள் வேறொன்றைச் சொல்கின்றன. 'இல்லை' என்றவர்களில் பத்தில் எட்டுப் பேர் அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதை ஆதரித்தார்கள். நான்கில் மூவர், மறுத்தால் அரசு போய் நல்ல ஒப்பந்தமாகப் பேசி வாங்கி வரலாம் என்று நம்பினார்கள். எந்தத் தரப்பின் பிரசாரம் நம்பும்படி இருந்தது என்ற கேள்விக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 'இல்லை' தரப்பைச் சொன்னார்கள். 'ஆம்' என்று வாக்களித்தவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் அப்படிச் சொன்னார்கள்.

ஐரோப்பா வேண்டும், இந்த ஒப்பந்தம் வேண்டாம், மறுத்தால் நல்லது கிடைக்கும் என்ற வாய்பாட்டைத் தயங்காமல் திரும்பத் திரும்பச் சொன்னது லிபர்டாஸ். ஷின் ஃபெய்னும் இதைப் போன்றதைச் சொன்னது. ஆனால் அது அதற்குமுன் வந்த ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் எதிர்த்த கட்சி. ஒன்றியத்தில் இருப்பதையே ஆதரிக்கிற ஒரு வாக்காளர் மனசாட்சி உறுத்தாமல் 'இல்லை' போடுவதற்கு வணிகர் ஒருவர் சொல்லும் உறுதி தேவைப்பட்டது. ஒப்பந்தம் புரியவில்லை என்றவர்கள் வாக்குச்சாவடிக்கே போகாமல் இருந்திருக்கலாம். 2001 நீஸ் வாக்கெடுப்பில் அப்படித்தான் நடந்தது. அன்று 'இல்லை' வென்றாலும் வாக்களித்தவர்கள் 35 சதவீதம்கூட இல்லை. 2008இல் 53 சதவீதத்தினர் வந்தார்கள். புரியாமை மட்டும் யாரையும் வரிசையில் நிறுத்துவதில்லை. புரியாததை மறுப்பது பொறுப்புள்ள செயல் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். லிபர்டாஸின் பங்கு இங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் முடிவு. புதிய காரணம் எதையும் அது தந்துவிடவில்லை, ஏற்கெனவே இருந்த தயக்கத்துக்கு மரியாதை தந்தது. அதற்கான மேடையைக் க்ராட்டி, மெக்கென்னா, காக்லன் வழக்குகள் போட்டு வைத்திருந்தன.

கட்சியான கதை

இந்த முடிவுக்குச் சோதனை ஓராண்டுக்குள் நடந்தது. வெற்றியின் சூட்டில் கான்லி லிபர்டாஸை ஐரோப்பா முழுமைக்குமான கட்சியாக்கினார். போலந்தின் முன்னாள் அதிபர் லேக் வலேசா அதன் மேடையில் வந்து பேசினார். ஐரோப்பிய அளவிலான கட்சி என்ற அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தபோது, ஆதரவுக் கையெழுத்துப் போட்டதாகக் காட்டப்பட்ட எஸ்தோனிய, பல்கேரிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவர் விலகிக்கொண்டதால் அது சிக்கலில் முடிந்தது. 2009 ஜூன் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பல நாடுகளில் வேட்பாளர்களை நிறுத்தியது. வென்றது ஓர் இடம், பிரான்சில் ஃபிலிப் த வில்லியே. அவர் ஏற்கெனவே அங்கே சொந்தக் கட்சி வைத்திருந்தவர்.

கான்லியே அயர்லாந்தின் வடமேற்குத் தொகுதியில் நின்றார். முதல் விருப்ப வாக்குகள் 67,638. மோசமில்லை, ஆனால் போதவில்லை. லிஸ்பனை எதிர்த்த எட்டு லட்சத்துச் சொச்சம் பேர் அவருடைய ஆட்கள் அல்லர் என்பது அன்று எண்ணிக்கையில் தெரிந்தது. தேர்தலில் காக்லன் தீர்ப்பின் சரிபாதி நேரம் கிடையாது. ஐரோப்பா வேண்டும், ஒப்பந்தம் வேண்டாம் என்பதை மட்டும் வைத்து வேளாண் மானியம், மீன்பிடி உரிமை, வேலை என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்லவும் முடியாது.

2009 அக்டோபர் 2 அன்று அதே ஒப்பந்தம் மறுபடி வாக்கெடுப்புக்கு வந்தது. வரி, நடுநிலைமை, கருக்கலைப்பு ஆகியவற்றில் அயர்லாந்தின் உரிமை பாதிக்கப்படாது என்ற சட்ட உறுதிகளும் ஆணையர் வாக்குறுதியும் கூட வந்தன. இடையில் வங்கிகள் சரிந்திருந்தன. வேலையின்மை 12 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இம்முறை அழுத்தக் குழுக்கள் 'ஆம்' பக்கம் குவிந்தன. முன்னாள் ஐரோப்பிய நாடாளுமன்றத் தலைவர் பேட் காக்ஸ் முன்னின்று நடத்திய 'அயர்லாந்து ஃபார் யூரோப்' களமிறங்கியது. ரயன்ஏர் நிறுவனம் ஐந்து லட்சம் யூரோ செலவிடுவதாக அறிவித்தது. இன்டெல் நிறுவனமும் பல லட்சம் செலவழித்தது. இனிப் பிரசாரத்துக்கு வரமாட்டேன் என்றிருந்த கான்லி கடைசி வாரங்களில் திரும்பி வந்து, ரயன்ஏர் தலைவர் மைக்கேல் ஓ'லியரியோடு தொலைக்காட்சியில் மோதினார். 'ஆம்' 67 சதவீதம் பெற்றது. 43 தொகுதிகளில் 'இல்லை' என்றவை டானிகால் மாவட்டத்தின் இரண்டு மட்டும்.

2008இல் ஒரு கோடீஸ்வரரின் பணம் ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று எழுதியவர்களில் பெரும்பாலோர் 2009இல் விமான நிறுவனத்தின் பணத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்படவில்லை. லிபர்டாஸ் ஆதரவாளர்களின் நிலைப்பாடும் அப்படியே தலைகீழாக மாறியது.

பணம்

முதல் விளக்கத்தில் இன்னும் சரிபார்க்காமல் இருப்பது பணம்தான். லிபர்டாஸின் செலவு பத்து லட்சம் யூரோவைத் தாண்டும் என்று அன்றைய ஏடுகள் எழுதின. அயர்லாந்துச் சட்டத்தில் வாக்கெடுப்புச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. நன்கொடைக்கு உண்டு. அன்று ஒருவர் ஓர் ஆண்டில் ஓர் அமைப்புக்கு 6,348.69 யூரோவுக்கு மேல் தரக் கூடாது என்றிருந்தது. பழைய 5,000 ஐரிஷ் பவுண்டை யூரோவாக மாற்றியதில் வந்த எண் அது. ஆனால் கடன் நன்கொடை ஆகாது. கான்லி லிபர்டாஸுக்கு இரண்டு லட்சம் யூரோ கடன் கொடுத்திருந்தார். அரசுப் பதவி ஒழுங்குமுறை ஆணையம் அதைப் பற்றி விளக்கம் கேட்டது. கேட்க முடிந்ததே தவிர, அழுத்தக் குழுவின் கணக்குகளைத் திறந்து பார்க்கப் போதிய அதிகாரம் அதற்குச் சட்டத்தில் இல்லை. நன்கொடைச் சான்றிதழை அடுத்த ஆண்டு மார்ச் 31க்குள் தாக்கல் செய்தால் போதும் என்றிருந்தது.

2012இல் நன்கொடை வரம்பை 2,500 யூரோவாகக் குறைத்தார்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் நோய் வேறிடத்தில் இருக்கிறது. பிரிட்டனில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது பற்றிய 2016 வாக்கெடுப்புக்குச் செலவு வரம்பே இருந்தது, அதிகாரபூர்வப் பிரசாரக் குழுவுக்கு 70 லட்சம் பவுண்டு. விலகல் தரப்பின் 'வோட் லீவ்' குழு அதை மீறியதாகத் தேர்தல் ஆணையம் 61,000 பவுண்டு அபராதம் விதித்தபோது 2018 ஜூலை ஆகிவிட்டது. வாக்களித்து இரண்டு ஆண்டுகள் கழித்து வரும் தீர்ப்பு வரலாற்றாசிரியருக்குப் பயன்படும், வாக்காளருக்குப் பயன்படாது.

2008 ஜூன் 12 அன்று வாக்களித்த பதினாறு லட்சம் பேர், எந்தச் சுவரொட்டிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று தெரியாமலே வாக்களித்தார்கள். லிபர்டாஸின் சுவரொட்டிக்கும் அது பொருந்தும், மற்றவர்களுடையதற்கும் பொருந்தும். பொது வாக்கெடுப்பில் இறங்கும் எந்தக் குழுவானாலும் வரவையும் கடனையும் வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரத்திலேயே வெளியிட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.